மூடி சேராத கொட்டான்: ராம்நாடு கடற்கரையில் ஐந்து நாள்

முதல் நாள்: காரங்காடு

காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். பரமக்குடி தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். ஜன்னலோரம் கிடைத்தும் பார்க்க வேறெதுவும் இல்லை. அதனால் இந்தப் பயணம் எதற்கு என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மதுரையில் எனக்குப் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. பனை ஓலையில் முடையும் கொட்டான் கூடை, கருப்பட்டி, காகிதக் கவர், துணிப்பை என்று கலந்துகட்டிய சரக்கு. பாதிக்கு மேல் சின்னச் சின்னக் குழுக்கள் செய்து அனுப்புவது. கணவனை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநோயிலிருந்து தேறி வந்தவர்கள், ஐந்தாவதோடு படிப்பை விட்டவர்கள். வேலை கேட்டுப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதையே முதல் நோக்கமாக வைத்துக்கொண்டு, சரக்கு விற்றுத் தன் காலில் நிற்கிற அமைப்புக்குச் சமூகத் தொழில் நிறுவனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கருத்தரங்கு மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன தீபாவளிக்குச் சாயல்குடிப் பக்கத்துக் குழு ஒன்றிடம் இனிப்பு வைக்க முந்நூறு கொட்டான் சொல்லியிருந்தேன். நான்கு நாள் தாமதமாக வந்தது. அதில் நூற்றிருபதுக்கு மூடி சேரவில்லை. பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், அந்தப் பணத்தையும் பிடித்துக்கொண்டேன். குழுத் தலைவி அக்கா போனில் சண்டை போடவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அந்தச் "சரிம்மா" ஐந்து மாதமாகக் காதிலேயே இருக்கிறது.

நேராகச் சாயல்குடிக்கே போயிருக்கலாம். தைரியம் வரவில்லை. மாவட்டத்தின் வடக்குக் கோடியில் ஆரம்பித்து, வழியில் இருக்கும் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டு கடைசியில் அங்கே போகலாம் என்று திட்டம்.

ராம்நாட்டில் இறங்கி, தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் பஸ்ஸில் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பையன்கள்தான் வழிகாட்டிகள். என்னைக் கூட்டிப்போன தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிதான். விசைப்படகில் கூலிக்குப் போனபோது வின்ச்சில் மாட்டியதாம். அதற்குப் பிறகு யாரும் கடலுக்குக் கூப்பிடவில்லை. துடுப்பு போட இந்தக் கை போதும் என்றார். ஆழமில்லாத தண்ணீரில் அடியில் கிடந்த கடல் புல்லைக் காட்டி, ஆவுளியா இதைத்தான் மேயும் என்றார். கடல் பசு என்று நாம் படிக்கிறோமே, அதற்கு இந்தப் பக்கம் பெயர் ஆவுளியா.

கரையில் மத்தியானச் சாப்பாடு. நீலக்கால் நண்டு வறுவல், எண்ணெய் குறைவு, மிளகு கூடுதல். சமைத்த மூன்று பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். தினமும் இவர்கள்தானா? இல்லையாம், முறை. இன்றைக்கு இவர்கள் என்றால் நாளைக்கு வேறு மூன்று பேர். நன்றாகச் சமைப்பவருக்கு அதிக நாள் என்று எதுவும் கிடையாது.

"சனி ஞாயிறுதான் கூட்டம். அந்த நாளக் கைக்காரங்களே எடுத்துக்கிட்டா, மத்தவளுக்குச் செவ்வாக்கெழமதான் மிஞ்சும்" என்றார் ஓர் அக்கா. கடலில் பாடு பார்க்கிற ஊரில் முறை வைப்பது புதிதில்லை. அதைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்று செவ்வாய்க்கிழமை. சாப்பிட வந்தது நானும் ஒரு பைக்கில் வந்த இருவரும்.


இரண்டாம் நாள்: பாம்பன், சின்னப்பாலம்

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது எல்லோரும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலமும் அதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும். புதியதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். நானும் படம் எடுத்தேன், கம்பிதான் விழுந்திருக்கிறது.

சின்னப்பாலத்துக்கு நான் போனபோது கடல்பாசி எடுக்கும் பெண்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஓர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பழைய சேலையை ரிப்பன் மாதிரி கிழித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக, நகக்கண் மறைகிற மாதிரி மூன்று சுற்று, மேலே சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். பத்து விரலுக்கும் கால் மணி நேரம் ஆனது. வலது கை சுற்றும்போது பல்லும் வேலை செய்தது. அவிழ்த்தபின் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இடது கையைத் திருப்பிக் காட்டினார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. "ரேசன் கடை மிசின்ல என் கை விழாது. என் மருமகளத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்."

மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து கையால் பறிக்க வேண்டும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிக்குப் பெயர்கள். முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கடையில் கடல்பாசி என்று வாங்கி ரம்ஜானுக்கு நாம் காய்ச்சுகிறோமே, அதுதான். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதுதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். கடலைக் காப்பாற்ற அது தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாசி இருப்பது தீவைச் சுற்றித்தான், தீவுப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். படகோ வலையோ இல்லாத பெண்களுக்குத்தான் அதன் அடி முதலில் விழுந்தது. இவர்கள் சங்கமாகச் சேர்ந்து பேசினார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்பு வைத்துச் சுரண்ட மாட்டோம், கையால் மட்டும் பறிப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் அமைப்பு கொடுப்பது.

மத்தியானம் படகு திரும்பியதும் தராசு. வியாபாரியின் ஆள் ஒரு பிடி பாசியை உதறிப் பார்த்து, மணல் இருக்கிறது என்று கழிவு போட்டார். எவ்வளவு கழிவு என்பது அவர் வாயில் வருவதுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மழைக்காலத்தில் முன்பணம் கொடுத்தவரும் அவர்தான்.

நாளையும் பிழைப்பு வேண்டும் என்பதற்காகக் கடலிடம் எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானித்தவர்கள் இவர்கள். எடுத்ததற்கு என்ன விலை என்பதை மட்டும் தீர்மானிக்க முடியவில்லை. சங்கம் இருக்கிறது, தராசு வேறொருவர் கையில் இருக்கிறது. சமூகத் தொழில் நிறுவனம் என்பதை என்னிடம் யாராவது இனி விளக்கச் சொன்னால், முதலில் தராசை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் கடல் ஓசை, 90.4. மீனவர்களுக்காகப் பாம்பனிலிருந்தே 2016 முதல் நடக்கும் சமுதாய வானொலி. காற்று எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம் என்று வாசித்தார்கள். கடைக்காரர் என் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் அதை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.


மூன்றாம் நாள்: மண்டபம்

1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்பு மண்டபத்தில்தான் தலைமையகம். பிறகுதான் அது கொச்சிக்குப் போனது. பாசி ஆராய்ச்சிக்கென்றும் இங்கே ஒரு மத்திய அரசு நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் கப்பாஃபைகஸ் என்பதை ஊரில் பெப்சி பாசி என்பார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம்தான் இதை ஒப்பந்த முறையில் இங்கே வளர்க்க வைத்தது. நிறுவனம் கைமாறிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

வடகடல் பக்கம் ஒரு மகளிர் குழுவின் பாசி வளர்ப்பு. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்கிறார்கள், அலை கம்மி. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். இடுப்பளவு தண்ணீரில் வரிசை வரிசையாக மூங்கில் மிதவைகள்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் என்னால் எந்தத் தொழிலையும் பார்க்க முடியாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மிதவை. அதில் 20 கயிறு. ஒரு கயிற்றுக்கு 20 முடிச்சு, ஒரு முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக ஒரு மிதவைக்கு 400 முடிச்சு, 60 கிலோ விதை. 45 நாளில் அது நான்கு மடங்கு ஆகும். அடுத்த தடவைக்கு 60 கிலோவை விதைக்கு எடுத்து வைத்தால் மிச்சம் 180. காய வைத்தால் பத்துக்கு ஒன்று. 18 கிலோ. அவ்வளவு மூங்கில், அவ்வளவு முடிச்சு, ஒன்றரை மாதம், 18 கிலோ. இதனால்தான் யாரும் ஒரு மிதவையோடு நிற்பதில்லை. மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம் உண்டு என்பதால் மூங்கிலாவது சுலபமாகக் கிடைக்கிறது.

அதற்குள் ஓரா மீன் வந்து மேயும். அதற்காக அடியில் வலை கட்ட வேண்டும். தண்ணீர் சூடானால் பாசி வெளுத்து உதிரும். 2013ஐ ஒட்டி அப்படி மொத்தமாகப் போய், பாதிப் பேர் தொழிலையே விட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பாசி இது. குருசடைத் தீவுப் பவளப் பாறைகளில் ஏறிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதைப் பற்றிக் குழுவில் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. பிறகு ஒருவர் மட்டும், "நாங்க கட்டுறது இந்தப் பக்கம்தான் தங்கச்சி" என்றார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது கரையில், பனைமட்டைக் கொட்டகைக்குள். விதை கட்டுவது அங்கேதான். ஐந்து பேர். ஒரு அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ, இரண்டு காலும் சூம்பியிருந்தன. மூன்று சக்கர வண்டியை மணல் வரை கொண்டுவர முடியாது என்பதால், ரோட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் பழைய கன்வேயர் பெல்ட் ஒன்றை விரித்துப் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று தெரியாது, அருமையான யோசனை. கயிற்றின் இரண்டு முனையையும் எதிரெதிர்க் கம்பத்தில் மார்பு உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். அவர் குனிய வேண்டியதில்லை. கட்டுகிற வேகத்தில் மற்ற நால்வரும் அவருக்குப் பின்னால்தான். கடலுக்குள் இறங்கும் பெண்களைவிட இவருக்குக் கூலி குறைவா என்று கேட்டேன்.

"கயிறுக்கு இவ்வளவுன்னு எனக்கு. அவங்களுக்குப் பங்கு. பாசி அழிஞ்சா அவங்களுக்கு ஒண்ணுமில்ல, எனக்குக் கட்டுனது கட்டுனதுதான்" என்றார்.

இன்னொரு பெண் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வருபவர். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. 1983க்குப் பிறகு அங்கிருந்து திரும்பி ஓடி வந்தவர்கள் தங்கும் இடமானது. முகாமில் கணக்கெடுக்கிற நாளில் அவர் வரமாட்டார். அது எந்த நாள் என்று குழுவுக்குத் தெரியும், அன்றைக்கு விதை கட்டும் வேலை வைப்பதில்லை. யாரும் இதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை. நான் நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்ததைப் பார்த்துக் கேட்டதால் தெரிந்தது.


நான்காம் நாள்: ஏர்வாடி

கீழக்கரையில் பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்றரை மணி நேரம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏர்வாடி என்றால் தர்காவும் ஞாபகம் வரும், தீயும் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஓலைக் கொட்டகை போட்ட ஒரு மனநோயாளர் காப்பகம் எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பேச்சானது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017 மனநலச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது. தர்காவில் துஆ கேட்க வருபவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. தவா என்றால் மருந்து, துஆ என்றால் பிரார்த்தனை. இரண்டும்.

தேறியவர்கள் எங்கே போவார்கள்? அழைத்துப்போக ஆள் வராதவர்கள் உண்டு. ஊருக்குப் போனாலும், பைத்தியம் என்று ஒரு தடவை பெயர் வாங்கியவனுக்கு வேலை தர ஆள் இல்லை. அப்படிப் பத்துப் பேர் காகிதக் கவர் ஒட்டும் இடத்துக்குத்தான் இன்று போனேன். மருந்துக்கடைக் கவர், பலகாரக் கவர். இரண்டு வருடமாக என் கடைக்கு இங்கிருந்துதான் கவர் வருகிறது. இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கணக்கு பார்க்கும் ராத்தா சுற்றிக் காட்டினார். வேலை நேரம் பத்து முதல் ஒன்று வரை, பிறகு மூன்று முதல் நாலரை வரை. நடுவில் தூக்கம். இரவு போட்ட மாத்திரையின் மயக்கம் ஒன்பது மணி வரைக்கும் விடாது, அதனால் எட்டு மணி ஷிஃப்ட் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். சில மாத்திரைக்குக் கை நடுங்கும். பசையைப் பிரஷ்ஷில் தொட்டால் கோடு கோணலாகப் போகும், கவர் ஒட்டாது. பிரஷ்ஷை எடுத்துவிட்டு, சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்சை வைத்துப் பசை ஊற்றிவிட்டார்கள். காகித ஓரத்தை ஸ்பாஞ்சில் அழுத்தி எடுத்தால் போதும். நடுங்கினாலும் கோடு நேராக விழுகிறது. ஐந்து ரூபாய் ஸ்பாஞ்ச்.

ஒரு மூலையில் ஐம்பது வயது இருக்கும் ஒருவர் எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். வாயை அசைத்து ஒன்றிலிருந்து ஐம்பது வரை. ஐம்பதானதும் நூலால் ஒரு சுற்று. திரும்பப் பிரித்து இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, சந்தேகத்துக்கு ஒன்று கூட வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கடைக்கு வரும் கட்டில் 51 இருக்கும், 52 இருக்கும், ஒரு தடவைகூட 49 இருந்ததில்லை. இந்த மனிதர்தானா அது!

கூலி எப்படி என்று கேட்டேன், நேற்று அந்த அண்ணன் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால். ராத்தா நோட்டைத் திறந்து காட்டினார். வந்தால் ஒரு நாள் கூலி நிச்சயம். ஐந்நூறு கவருக்கு மேல் போனால் நூற்றுக்கு இவ்வளவு என்று கூடுதல்.

"மொதல்ல எண்ணிக்கைக்குத்தான் கூலி வச்சோம். நல்லா இருக்கவங்க வேகவேகமா ஒட்டுனாங்க. ஒடம்புக்கு முடியாதவங்க பக்கத்து ஆளு கட்டப் பாத்துப் பாத்து, ரெண்டு பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க" என்றார். "அப்ப எல்லாருக்கும் ஒரே நாள் கூலின்னு மாத்தினோம். வேகமா ஒட்டுனவங்க கோவிச்சுக்கிட்டாங்க. இப்ப ரெண்டும் கலந்து ஓடுது. இதுவும் எத்தன நாளைக்கோ."

இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரத்து மனநல மருத்துவமனை பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அங்கே நோயாளிகள் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சிகிச்சை என்று பெயர். கையில் கிடைத்தது சிகரெட்டும் சில்லறையும். ஃப்ராங்கோ பசாலியா என்ற டாக்டர் வந்தபின், 1970களின் தொடக்கத்தில் அதே ஆட்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே கூட்டும் வேலையை முறையான சம்பளத்துக்கு எடுத்துச் செய்தார்கள். 1991இல் இத்தாலி இதற்கென்றே சட்டம் போட்டது. இந்த வகைச் சங்கத்தில் வேலை செய்பவர்களில் குறைந்தது 30 விழுக்காடு இப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நம் ஊரிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு, தனியார் ஐந்து விழுக்காடு எடுத்தால் ஊக்கத்தொகை தர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இதை ராத்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. போன மாசக் கவருக்கு இன்னும் பணம் வரலியேம்மா" என்றார்.

என் கடைதான். நாற்பத்தைந்து நாள் கடன் என்பது வியாபாரத்தில் சாதாரணம் என்று நான் யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொண்ட விதி. தினம் வந்தால் தினக் கூலி நிச்சயம் என்று இவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாற்பத்தைந்து நாளும் அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. தன் வளையலை அடகு வைத்திருக்கிறாராம். அதையும் அவராகச் சொல்லவில்லை, டீ கொண்டுவந்த பையன் சொன்னான். அங்கேயே நின்று போனில் அனுப்பினேன். டவர் இல்லாமல் மூன்று தடவை சுற்றிச் சுற்றி, கடைசியில் மாடிப்படியில் ஏறி நின்று அனுப்ப வேண்டியிருந்தது. வந்துவிட்டது என்று கீழிருந்து ராத்தா கை காட்டினார்.

இரவு சரியாகத் தூக்கம் இல்லை. நாளை சாயல்குடி.


ஐந்தாம் நாள்: சாயல்குடி

வழியில் வாலிநோக்கம் விலக்கு. அந்தப் பக்கம்தான் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம். வானம் பார்த்த பூமியில் வேலை உண்டாக்க 1974இல் அரசே தொடங்கிய நிறுவனம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெள்ளைக் குவியல்கள், நடுவில் தலையில் கூடையோடு பெண்கள். ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். இறங்கினால் சாயல்குடியை இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடுவேன் என்று தெரிந்ததால் இறங்கவில்லை.

சாயல்குடியில் பனைதான் எல்லாம். இப்போது பதநீர்க் காலம் தொடங்கிவிட்டது. காலையில் மரத்தடியில் குடித்தது, சுண்ணாம்பு சரியான அளவு. 2021க்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது. மரம் நிற்கிறது, ஏற ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறது.

குழு வேலை செய்வது ஒரு வேப்பமரத்தடியும் அதை ஒட்டிய ஓட்டுக் கூடமும். பதினான்கு பெண்கள், ஒரு ஆண். அவர் முன்பு பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கட்டிலில் சாய்ந்தபடி குருத்தோலையில் ஈர்க்கு வாருகிறார். ஓலையை நகத்தால் ஒரு கீறல், ஒரு இழுப்பு, ஈர்க்கு தனி, ஓலை தனி. எல்லாம் ஒரே அகலம். அந்த அகலம் பிசகினால் கொட்டான் கோணும். ஆக இந்தப் பதினான்கு பேரின் கையும் அவர் நகத்தை நம்பித்தான்.

பின்னுகிறவர்களில் ஓர் அக்காவுக்குப் பார்வை கிடையாது. சாய ஓலையை நிறம் பிரிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டுக் கயிற்றில் முடிச்சு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, ஊதாவுக்கு மூன்று, சாயம் போடாததற்கு முடிச்சே இல்லை. நான் ஒரு கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்துவிட்டேன். "யாரு அது கட்ட மாத்தி வச்சது?" என்று உடனே சத்தம் வந்தது. திருப்பி வைத்தேன்.

தலைவி அக்கா வந்தார். டீ வந்தது. நான் கொட்டானைப் பற்றி எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. மழை, பஸ், என் மகளின் பத்தாம் வகுப்பு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான், "அந்த மூடி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். நான் திருப்பி அனுப்பியதில் விற்காமல் மிஞ்சியவை. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க மொதல்ல நூத்தம்பதுதான சொன்னீங்க?"

ஆமாம். புரட்டாசிக் கடைசியில் போன் போட்டு முந்நூறாக்கியது நான்தான். ஒரு கம்பெனி ஆர்டர் கிடைத்த சந்தோஷம்.

"அதுக்குள்ள மழ விழுந்திருச்சு. ஓல நல்லாக் காயல. காயாத ஓலையில அடிய முடைஞ்சோம். நாள் பத்தாதுன்னு மூடிய மட்டும் பக்கத்து ஊருல, அவங்க வச்சிருந்த காஞ்ச ஓலையில முடையச் சொன்னோம். இங்க போட்டுப் பாக்கையில எல்லாம் கச்சிதமாத்தான் இருந்துச்சு. ஒங்க ஊருக்குப் போயி அடி காஞ்சு சுருங்கிருச்சு. மூடி அப்படியே இருந்துச்சு." அந்தக் கொட்டானை வாங்கித் தன் சுண்டுவிரலை மூடிக்கும் அடிக்கும் நடுவே விட்டுக் காட்டினார். சுண்டுவிரல் அளவு இடைவெளி. அது ஓலை சுருங்கிய அளவு. என் அவசரத்தின் அளவும் அதுதான்.

ஏன் அப்போதே முடியாது என்று சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அடுத்த வருஷம் கேட்க மாட்டீர்களே என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பிடித்து வைத்திருந்த பணத்தைக் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், ஏர்வாடிக் கவர்தான். கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு நாடகம் ஓட்டி வைத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி பாயில் வைத்து எண்ணினார். நோட்டில் எழுதினார். பிறகு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து என்னிடமே திருப்பினார்.

"இது ஆறு கொட்டானுக்கு. அந்த ஆறு மூடி நெசமாவே சரியில்ல. அத நாங்க புதுசா வந்த பிள்ளைகிட்டக் குடுத்திருந்தோம். அது எங்க தப்பு."

வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் தப்பாகிவிடும் என்று தோன்றியது.

இந்த வருடத்துக்கு இருநூறு சொல்லியிருக்கிறேன், பாதிப் பணம் முன்னால். ஆவணிக்குள் எண்ணிக்கையை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கூட்டக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் அவர்களிடம் வாங்கவில்லை. இப்போதைக்குக் கோடையில் முடைந்த நாற்பது கொட்டானும், பத்துக் கிலோ கருப்பட்டியும். சீனி கலக்காத கருப்பட்டி உடைத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று உடைத்தே காட்டினார்கள். அந்தத் துண்டைத் தின்றபடிதான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டை வழியாக மதுரை போகும் பஸ். கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார். வெயிட்டே இல்லை அண்ணே, எல்லாம் வெறும் ஓலை என்றேன். வெயிட்டுக்கு இல்லைம்மா, இடத்துக்கு என்றார். நாற்பது ரூபாய். கொட்டானுக்கு ஒரு ரூபாய் கூடுகிறது. பந்தல்குடி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில், ஏதோ மூடி ஒன்று கழன்று என் காலடியில் உருண்டது. நெஞ்சு திக்கென்றது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். என் சாப்பாட்டு டப்பா மூடி.